அத்தை கொண்டுவந்த அட்லஸ்

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் துணிமணி எடுத்து வருவார்கள், நகை எடுத்து வருவார்கள். எங்கள் அத்தை மாமாவின் அட்லஸை எடுத்து வந்தாள்.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நானும் அப்பாவும் கொல்லிமலைச் சந்தை கூடும் சோளக்காட்டில்தான் இருந்தோம். மிளகை விலைக்குப் போட வந்த அப்பாவோடு, பள்ளிக்கூடம் இல்லாத நாளென்று நானும் தொற்றிக்கொண்டு வந்திருந்தேன். அத்தை வரப்போவதாக யாரும் சொல்லவில்லை. மலைப்பாதையின் வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிவந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் வெளிறிய முகத்தோடு இறங்கினார்கள். கடைசியாக அத்தை இறங்கினாள். ஒரு கம்பளியில் எதையோ சுற்றி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வேறு பையோ பெட்டியோ இல்லை.

நாங்கள் கூப்பிடுவதற்குள் வாழைத்தார் விற்கும் ஒரு வயதான அம்மா அவளைப் பார்த்துவிட்டார். அத்தையைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். அவர் ஆசையாக எழுந்து வந்தார்.

“அட சாமி, கொழந்தையா? இப்பிடி மூடி வெச்சிருக்கறயே, மூச்சு முட்டாதா? காட்டு கண்ணு, பாக்கலாம்.”

அப்பா கையிலிருந்த வெறுஞ்சாக்கு கீழே விழுந்தது. அத்தை கம்பளியின் ஓரத்தை மெல்ல விலக்கிக் காட்டினாள். உள்ளே பழுப்புத் தோல் அட்டை போட்ட கனத்த புத்தகம்.

“அட, பொஸ்தகமா!” என்று அந்த அம்மா சிரித்தார். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்பா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டிவந்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தைக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று எங்கள் வீட்டில் பேச்சாக இருந்தது. வளையல் போட்டு மலைக்கு அழைத்து வந்துவிடுவது, பிரசவம் இங்கேயே பார்ப்பது என்று ஏற்பாடு. தொட்டிலை ஆட்டும் வேலை எனக்கு என்று நானே முடிவு செய்திருந்தேன். ஆனால் வளைகாப்புக்கு முன்பே ஒருநாள் அப்பாவும் அம்மாவும் அவசரமாக நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார்கள். “பாப்பா இப்ப வராதாம் கண்ணு” என்று அம்மா சொன்னாள். மழைக்கு பஸ் வராது என்று சொல்வதைப்போல நான் அதை எடுத்துக்கொண்டேன். இந்த பஸ் இல்லாவிட்டால் அடுத்த பஸ்.

மாமாவுடையது அவர் அப்பா காலத்திலேயே மலையை விட்டு இறங்கி நாமக்கல்லில் தங்கிவிட்ட குடும்பம். லாரி உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க கிரீஸும் டீசலும் புழங்கிய அந்த மனிதருக்குப் பழைய வரைபடங்கள் மேல் அப்படியொரு பித்து. உலகத்தில் வரைபடங்களை அச்சடிக்க ஆரம்பித்த காலத்தில், செப்புத் தகட்டில் செதுக்கி ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்து, கையால் வண்ணம் தீட்டிய தாள்கள் அவை. எங்கோ ஒருவர் அந்தக் காலத்திலேயே பலவற்றைச் சேர்த்துத் தைத்து வைத்த அட்லஸ், கை மாறிக் கை மாறி மாமாவிடம் வந்திருந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவி, தனித் துண்டில் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் அதைத் தொடுவார். அதில் ஒரு ஊசி நுழைகிற அளவு ஓட்டை விழுந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அத்தைக்கு அதைத் தூசி தட்டக்கூட அனுமதி இல்லை.

அந்த அட்லஸில் ஒரே ஒரு தாள் இல்லை. நம் தெற்குப் பக்கத்தைக் காட்டும் படம். யாரோ கத்தியால் அறுத்தெடுத்த அடிக்கட்டை மட்டும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும். அதே படம் வேறு பிரதியிலிருந்து கிடைக்குமா என்று மாமா கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் சென்னையில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் கிடைத்தது. அதை வாங்க அவர் போன அன்றுதான் அத்தைக்கு வலி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். வழியெல்லாம் அத்தை போன் அடித்திருக்கிறாள். வியாபாரியோடு பேசும்போது தொந்தரவாக இருக்கும் என்று மாமா சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். மறுநாள் காலை, அட்டைக் குழாய்க்குள் சுருட்டிய படத்தோடு அவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதெல்லாம் அத்தை அம்மாவிடம் சொல்லி, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த என் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, பெரிதாகப் பதியவில்லை. சத்தத்தை அணைத்து வைத்தால் போன் அடிப்பது எப்படித் தெரியும், மாமாவுக்கு இது தெரியாதா என்று மட்டும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததுமே அப்பா மாமாவுக்குப் போன் போடப் போனார். அத்தை தடுத்துவிட்டாள்.

“வேண்டாங்ணா. அவரே வரட்டும். எதுக்கு வாராருன்னு நான் பாக்கோணும்.”

“என்ன புள்ள பேசற? உன்னக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வருவாரு.”

“அதத்தான் பாக்கோணும்.”

அட்லஸ் அவள் கட்டிலிலேயே கிடந்தது. மாமா வீட்டில் யாரும் தொடக்கூடாத அந்தப் பொருளை எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். ஆனால் அப்பாவும் அம்மாவும் கிட்டேகூடப் போகவில்லை. பாம்பு படுத்திருப்பதைப்போல அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்தார்கள். நான் மட்டும் ஆசை தீரப் பார்த்தேன்.

கடலெல்லாம் பச்சை நீலம். அதில் பாய் விரித்த கப்பல்கள், மூக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் பெரிய மீன்கள். ஊர்ப் பெயர்கள் எறும்பு வரிசைபோலக் கரையோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உள்ளே போகப்போக எழுத்தே குறைந்துவிடும். இல்லாத இடத்தில் ஏரி, இருக்கிற இடத்தில் ஆறு இல்லை. தைக்காமல் தனியாகச் செருகியிருந்த அந்தத் தெற்குப் படத்தைத்தான் அத்தை அதிகம் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், வெகுநேரம். ஆள் பார்க்காத நேரத்தில் கிழித்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

“இதுல கொல்லிமல எங்கத்த இருக்குது?”

கறையான் புற்றுபோலக் குட்டிக் குட்டியாக வரைந்திருந்த மேடுகளின் மேல் விரலை வைத்தாள். “இங்க எங்கியோதான் கண்ணு. பேரு வெக்கல.”

மாமா நான்கைந்து நாள் கழித்து அப்பாவுக்குப் போன் செய்தார். அத்தை இங்கே இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றதும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்கு நிம்மதி. மாப்பிள்ளை வருகிறார், எல்லாம் சரியாகிவிடும் என்று நாட்டுக்கோழி அடிக்கச் சொன்னார். அத்தையை உட்காரவைத்து, மனுசன் தவறு செய்வான், தெரிந்தா செய்தார், விட்டுக்கொடுத்துப் போ என்று தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். அத்தை எதிர்த்துப் பேசாதது அவருக்குத் தைரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டை தொளதொளவென்று இருந்தது. “வாங்க மாப்ள” என்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வெயிலைப் பற்றி, மிளகைப் பற்றி அப்பா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். சமையற்கட்டிலிருந்து கோழிக் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். கையில் அட்லஸ். வாங்க என்று ஒரு சொல் இல்லை. மாமாவின் மடியில் அதை வைத்துவிட்டு எதிரே போய் கதவோரம் நின்றுகொண்டாள். அப்பாவும் அம்மாவும் அவள் பக்கத்தில். நான் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு மாமா எழுந்து அத்தையிடம் போவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள் என்பது இப்போது தெரிகிறது. மாமா அட்டையைத் திறந்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார். குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனார். கெட்டித்தாள் புரளும் சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. எல்லாப் பக்கமும் முடிந்ததும் மூடினார். அட்டைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“நல்லவேளைங்க,” என்றார். “ஒண்ணும் ஆகல.”

அம்மா “ஐயோ” என்று வாயில் கையை வைத்தாள். அத்தை திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்து நடந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. எதிரில் நிற்பவரிடம் குரல் உயர்த்தத் தெரியாத என் அப்பா, மாப்பிள்ளை வந்தால் தோளிலிருந்து துண்டை எடுக்கிற அப்பா, வாசலைக் காட்டினார்.

“எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க மாப்ள. பஸ்ஸு போயிரும்.”

“மச்சா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“சொல்லிட்டீங்க. எல்லாரும் கேட்டுட்டோம். கெளம்புங்க.”

மாமா எழுந்தார். அட்லஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் சாப்பிடாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். கோழிக் குழம்பை யாரும் தொடவில்லை. சாயங்காலம் அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒரு துண்டாவது வைத்திருக்கலாம் என்று மனசுக்குள் ஆத்திரப்பட்டேன்.

அதன் பிறகு மாமா பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை இங்கேயே இருந்துவிடட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அத்தை தோட்டத்துக்கு வந்தாள், மிளகு பறித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். அழவே இல்லை. அதுதான் அம்மாவுக்குக் கவலை. அழுதுட்டா தேவலையே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அத்தையும் நானும் வாசலில் உட்கார்ந்து சரத்திலிருந்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தோம். அத்தையை எப்படியாவது சிரிக்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மாமா வந்த அன்றே சொல்ல நினைத்து, பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பயந்து விழுங்கிவிட்ட ஒரு வேடிக்கை ஞாபகத்துக்கு வந்தது.

“அத்த, மாமா அன்னிக்குப் பொஸ்தகத்தத் தலகீழா வெச்சுத்தான் பாத்தாரு.”

“ஆ?”

“தலகீழா. கப்பலு, மீனு எல்லாம் கவுந்து கெடந்துச்சு. நான் பின்னால நின்னு பாத்தனே. கடசிப் பக்கத்துலயிருந்து மொத பக்கம் வரைக்கும் அப்பிடியேதான் பொரட்டுனாரு.”

எதிரே நின்றவர்களுக்கு அது நேராகத் தெரிந்திருக்கும். அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை. அத்தையின் கையில் சரம் அப்படியே நின்றது.

“ஒருக்கா கூட நேரா வெக்கலியா?”

“இல்ல.”

“நெசமாச் சொல்லு சாமி. கடசி வரைக்கும்?”

“கடசி வரைக்கும். அந்தத் தனிப் படம் நழுவிக் கீழ உழப் பாத்துச்சு. அதயும் கவனிக்கல.”

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அவரு எதயுமே பாக்கல,” என்றாள், என்னிடம் இல்லை. “தல நிமிந்தா என் மூஞ்சியப் பாக்கோணுமேன்னு…” முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு வந்த அழுகையைக் கேட்டு அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். என்னடி சொன்ன, என்னடி பண்ணின என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். சிரிக்கவைக்கப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று நானும் சேர்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அத்தை தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா திகைத்துப்போனார்.

“எங்க புள்ள கெளம்பிட்ட?”

“போயி அவருகிட்ட பேசோணும்ங்ணா.”

“அவரு பேசுனதக் கேட்டதுக்கு அப்பறமுமா?”

“அவரு இன்னும் பேசவே இல்லீங்ணா.”

அந்தப் பேச்சு ஒரே நாளில் முடியவில்லை. போனவள் திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அந்த வருடம் பூராவும் அத்தை மலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். பிறகு ஒரு கட்டத்தில் நாமக்கல்லிலேயே நின்றுவிட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

முதல்முறை அவள் கிளம்பிய அன்று சோளக்காட்டில் அவளை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்த அத்தை கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். அப்பா ஒன்றும் புரியாமல் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டதாகப் பெருமையாக இருந்தது. பாவம், மாமா அவ்வளவு படித்தவர், அவருக்குப் புத்தகத்தை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அத்தை போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.