பொன்னாடைக்குப் பிறகும் ஆடியவர்

என் கணவருக்கு முப்பத்தொன்பது வயதானபோதும் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் ஒன்பதாம் இலக்கச் சட்டை அவரிடம்தான் இருந்தது. தோய்க்க மட்டும் என்னிடம் தருவார். கொடியில் அது காய்ந்ததா என்று மூன்று தரம் வந்து தொட்டுப் பார்ப்பார். வேறு எந்த உடுப்பும் காய்ந்ததா, நனைந்ததா என்று அவருக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை.

தொண்டைமானாற்றுப் பக்கம் கடற்காற்று அடிக்கிற மைதானம் எங்களுடையது. அங்கே அவர் அடித்த ஒரு கோலை ஊர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் கலியாணம் முடித்து வந்த புதிதில் அது முப்பது மீற்றர் தூரத்திலிருந்து அடித்த கோல். மூத்தவள் பிறந்தபோது நாற்பது மீற்றராகியிருந்தது. கடைசியாகக் கேட்டபோது மைதானத்தின் நடுக்கோட்டுக்கு வந்திருந்தது. இன்னும் பத்து வருடம் போனால் அந்தப் பந்தை அவர் பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையிலிருந்து அடித்திருப்பார்.

அந்த வருடம் உலகக் கிண்ண ஆட்டங்கள் நடந்தன. மாலை ஆனதும் தொலைக்காட்சிக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சண்டையும் தொடங்கிவிடும். ஏதோ ஒரு தூர நாட்டின் பெரிய நட்சத்திரம், வயது போயும் தேசிய அணியில் நின்றுகொண்டிருந்தான். அவனைக் கழற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"அந்தாள் ஓடத் தேவையில்லை. நிண்டாலே காணும். ரெண்டு பேர் அந்தாளோடை மினக்கெடுவாங்கள், மற்றவங்களுக்கு இடம் கிடைக்கும்."

"எங்கடை மதிலும்தான் நிக்குது. அதையும் கொண்டுபோய் இறக்குங்கோவன்."

"நீர் பந்து விளையாட்டைப் பற்றிக் கதையாதையும்."

ஏன் கதைக்கக் கூடாது? பாடசாலையில் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்கு நான்தான் பொறுப்பு. தமிழ் படிப்பிக்கிறவளிடம் அதை ஏன் தந்தார்கள் என்று அதிபருக்கே தெரியாது. ஆனால் நாலு வருடம் வெயிலில் நின்றதில், களைத்த காலுக்கும் கள்ளக் காலுக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு வந்திருந்தேன். களைத்தவளை மாற்றுவேன், கள்ளம் அடிக்கிறவளை ஓடவிடுவேன்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் சண்டை பிடித்தது அந்தத் தூர நாட்டுக்காரனைப் பற்றி அல்ல. அவனுக்காக என் கணவர் வாதாடும்போது அவருடைய வலது கை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் எங்கள் கழகம் சுற்றுப்போட்டி ஒன்றில் இறுதியாட்டம் வரை போனது. ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் சந்தியில் உள்ள தன் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடைக்குப் போன பிறகு, கழகச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். முதல் தேநீரில் மழையைப் பற்றிக் கதைத்தார். இரண்டாவது தேநீரில் வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தார். மூன்றாவது தேநீர் கிடையாது என்று என் முகத்தில் கண்டிருக்க வேண்டும்.

"ரீச்சர், இறுதியாட்டத்துக்கு வேறை ஒருத்தனை முன்னுக்கு விட யோசிக்கிறம். நல்லா ஓடுறான்."

"நல்லது. அதை அவரிட்டைச் சொல்லுங்கோவன்."

"நானோ? ஒண்டாப் படிச்சனாங்கள், என்னெண்டு சொல்லுறது? நீங்கள் சொன்னால் கேப்பான்."

"நான் சொல்லிக் கேக்கிற ஆளெண்டால் இந்தக் குசினிக் கூரை எப்பவோ ஒழுகாமல் நிண்டிருக்கும், அண்ணை."

எங்கள் ஊரில் ஒருவருடைய முகத்துக்கு நேரே "போதும்" என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பொன்னாடை போர்த்துவார்கள். அதிபரானாலும் சரி, தபாலதிபரானாலும் சரி, கோயில் தர்மகர்த்தாவானாலும் சரி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாழ்த்துப்பா கொடுத்து, படம் பிடித்தால் ஆள் விளங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார். அன்றும் அந்த யோசனைதான் வந்தது. இறுதியாட்டத்துக்கு முன் அவரைக் கௌரவிப்பது, பிறகு விருந்தினர் கதிரையில் இருத்திவிடுவது. வாழ்த்துப்பா எழுதத் தமிழ் ரீச்சர் வீட்டிலேயே இருக்கிறார்.

நான் ஒத்துக்கொண்டேன். பட்டியலில் பெயர் இல்லாமல் தலை குனிந்து நிற்பதைவிட மாலையோடு போவது மேல் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். நியாயம் என்ன நியாயம், எனக்கும் சொல்லப் பயம்தான்.

எட்டுப் பாட்டு எழுதினேன். கடைசிப் பாட்டில் ஓய்வைப் பற்றி மெல்லச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். "கால்கள் ஓய்ந்தன" என்று எழுதிப் பார்த்தேன். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு, அதுவும் நல்ல காரியத்தில், அப்படி எழுதலாமா? வெட்டினேன். "இனி இளைப்பாறுக" என்று எழுதினேன். செத்தவருக்குப் பாடுகிற கல்வெட்டு மாதிரி இருந்தது. அதையும் வெட்டினேன். கடைசியில் "இன்னும் பல்லாண்டு களம் காண்க" என்ற அடி எதுகையோடு தானாக வந்து விழுந்தது. வடிவாக இருந்தது, விட்டுவிட்டேன். செயலாளர் வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிச் சட்டம் போடக் கொண்டுபோனார். அவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

இறுதியாட்டத்தன்று பின்னேரம் மைதானம் நிரம்பிவிட்டது. அறிவிப்பாளர் என் பாட்டுகளை ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்து வாசித்தார். "இன்னும் பல்லாண்டு களம் காண்க" என்ற இடத்துக்கு வந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. என் கணவர் கும்பிட்டார். கழுத்து மாலையைக் கழற்றினார். பொன்னாடையை நாலாய் மடித்து என் மடியில் வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், மனுசன் சட்டையும் சப்பாத்துமாகத் தயாராய் வந்திருந்தார்.

"இதை வைச்சிரும்" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் பொன்னாடையைப் பார்த்தேன்.

"களம் காணச் சொல்லிப் பாடிப்போட்டு இனி என்னெண்டு மறிக்கிறது, ரீச்சர்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பட்டியலில் ஒரு பெயரை வெட்டி இன்னொரு பெயரை எழுதினார்.

எதிரணி கொடிகாமத்துப் பக்கக் கழகம். நல்ல உரமான பெடியள். முதல் பத்து நிமிடம் இரண்டு பேர் என் கணவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். அவர் சொன்னது சரிதான் என்று நான்கூட நினைத்தேன். பிறகு ஒருவன் கழன்று போனான். இடைவேளைக்கு முன் மற்றவனும் போய்விட்டான். மைதானத்தில் அவரை மறிக்க ஒருவரும் இல்லை. அவர் ஓடாததைவிட, கோல் அடிக்காததைவிட, எனக்கு நெஞ்சில் குத்தியது அதுதான். என் மனுசனைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

"பொன்னாடை அண்ணை, கெதியா ஓடுங்கோ" என்று பின்னாலிருந்து யாரோ பகிடி விட்டான். சனம் சிரித்தது. திரும்பி முறைத்தேன். முறைத்து என்ன, எழுதினவளே நான்தானே.

இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒரு கோல் பின்னால் நின்றோம். வலது பக்கத்திலிருந்து அருமையான ஒரு பந்து வந்தது. பழைய காலத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையால் அடிக்கிற பந்து. எழும்பினார். எழும்பும்போது பந்து அவரைக் கடந்து போயிருந்தது. இறங்கியவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். பார்த்தது செயலாளரை அல்ல, பயிற்றுநரை அல்ல, என்னை.

எனக்குப் பக்கத்தில் செயலாளர் தன் கைக்கடிகாரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் "போதும்" என்று சொல்லப் போகிறவர் ஒருவரும் இல்லை என்று விளங்கியது. பொன்னாடையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன். என் பாடசாலை அணிப் பிள்ளைகளை மாற்றும்போது செய்வதைப் போல, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழற்றிக் காட்டினேன். முழு ஊருக்கும் முன்னால், கட்டின புருசனுக்கு.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மத்தியஸ்தருக்குக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே நடந்தார். கோடு வரை நேராக நடந்தவர், கோட்டைத் தாண்டியதும் நொண்டத் தொடங்கினார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. இந்த முறை பாட்டுக்காக அல்ல. எனக்குக் கைதட்ட முடியவில்லை, அழுகைதான் வந்தது.

அவர் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்து, போத்தல் தண்ணியை முழுவதும் குடித்தார். ஏச்சு விழப் போகிறது என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் விழாததால் நானே கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, கோவமோ?"

அவர் பந்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"இதைக் காட்ட உமக்கு இவ்வளவு நாள் வேண்டிக் கிடந்ததே? போன வருசம் தொட்டு ஒவ்வொரு மட்ச்சிலையும் உம்மைத்தானே திரும்பிப் பாத்தனான்."

ஓம், பார்த்தவர்தான். அவர் பார்த்த ஒவ்வொரு முறையும் நான் கைதட்டியிருந்தேன்.