அசையாத கைப்பிடி

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் அவள். வருகிறவர்களை நாற்காலியில் அமர்த்தி, மூக்கின் மேல் ஒரு சிறிய அளவுகோலை வைத்து, கண்மணிகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து சொல்வது அவளுடைய பொறுப்பு. அந்த அளவு மயிரிழை பிசகினாலும் கண்ணாடி போட்டவருக்குத் தலை வலிக்கும். படி இறங்கும்போது தரை மேலே எழும்பி வருவதுபோல் தோன்றும். ஆகவே, ‘ஏறத்தாழ’ என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். சுவரில் படம் மாட்டுவதென்றாலும் கைப்பையிலிருந்து அளவுகோல் வெளியே வந்துவிடும். கணவருடைய இசைக்குழுவினர் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்து முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

கணவரை அவள் முதன்முதலில் பார்த்ததும் அந்த நாற்காலியில்தான். பகலில் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவர். மாலையில் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். மேடையில் எதிரே வைத்த தாள் மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்கு வந்தார். அவள் அளவுகோலை வைக்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்து மூக்கு ஆடியது. அளக்க வெகுநேரம் ஆயிற்று. பின்னாளில் நண்பர்களிடம் அவர் சொல்வார்: “அவ என்னைப் பார்க்கலை, அளந்தா. அளவு சரியா இருந்துது, எடுத்துக்கிட்டா.”

அவர் வாசிப்பில் எல்லாரும் காத்திருந்து கேட்கும் இடம் ஒன்று உண்டு. கிட்டாரின் கீழ்ப்பகுதியில், வலது உள்ளங்கை வந்து படியும் இடத்தில், ஆறு தந்திகளையும் தாங்கி நிற்கும் உலோகத் தகடு இருக்கிறது. அதை பிரிட்ஜ் என்பார்கள். அதிலிருந்து மெல்லிய எஃகுக் கைப்பிடி ஒன்று நீண்டிருக்கும். அதை அழுத்தினால் பிரிட்ஜ் சாயும், தந்திகள் தளரும், சுரம் அழுவதுபோல் வழுக்கிக் கீழே இறங்கும். கையை எடுத்தால் உடலின் பின்புறக் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். மற்றவர்கள் அதைத் தொட்டால் பூனையின் வாலை மிதித்ததுபோல் இருக்கும். இவர் தொட்டால் பாட்டு பெருமூச்சு விடும் என்பார் குழுவின் டிரம்ஸ்காரர். அவர் எளிதில் யாரையும் புகழாதவர்.

ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்த கணவரின் கையிலிருந்து சவரக்கத்தி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலப்பக்கம் முழுவதும் பக்கவாதம். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் திரும்பி வந்தது. கை மட்டும் வரவில்லை. பயிற்சி, மின்தூண்டல், எண்ணெய்த் தேய்ப்பு என்று ஒன்றும் பாக்கியில்லை. கடைசியாகப் போனபோது மருத்துவர் அவளை மட்டும் வெளியே அழைத்து, இனிப் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று சொன்னார். மருத்துவர் என்ன சொன்னார் என்று பேருந்தில் கணவர் கேட்டார். பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னார் என்றாள். மருத்துவர் அதையும் சொல்லத்தான் செய்திருந்தார்.

மீதிச் செய்தியை அவள் அவரிடம் சொல்லவில்லை. அவரோ நம்பிக்கையை விடவில்லை. அதை வைத்து ஒரு வாசிப்பு முறையையே கண்டுபிடித்திருந்தார். கிட்டாரை மடியில் சாய்த்துக்கொள்வார். இடக்கை விரல்களாலேயே தந்தியைத் தட்டி ஒலி எழுப்புவார். ஆனால் வலக்கை அதன் பழைய இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பது போலவே இல்லை என்பார். அவள் வந்து அந்தக் கையை எடுத்து பிரிட்ஜின் மேல் வைக்க வேண்டும்.

வைத்த மாத்திரத்தில் சுருதி ஏறிவிடும். அவருக்குக் காரணம் தெரியும். ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ் அது; பின்விளிம்பில் கனம் விழுந்தால் தந்திகள் இறுகும். ஒரு காலத்தில் அந்த உள்ளங்கை தந்தியின் மேல் இருந்தும் இல்லாததுபோல் இருக்கும். இப்போது அது ஈரத்துணி போல் விழுந்து கிடந்தது. “இந்தக் கைக்கு லேசா இருக்கத் தெரியலை” என்று அவர் அதைப் பார்த்துச் சொல்வார், வேறு யாரையோ குறை சொல்வதுபோல. பிறகு அவளிடம், “சுருதி நிக்கிற அன்னிக்குக் கை வந்துடுச்சுன்னு அர்த்தம். பார்த்துக்கிட்டே இரு” என்பார். பிசியோதெரபிக்காரர் கொடுத்த ரப்பர்ப் பந்தை அவர் எப்போதோ மறந்துவிட்டார். தினமும் மாலையில் இந்த ஒரு சோதனைதான். தினமும் சுருதி ஏறியது.

அப்படி ஒரு மாலையில், அவள் கடையிலிருந்து வருவதற்குள், கையைத் தானே தூக்கி வைக்கப் பார்த்திருக்கிறார். முழங்கை வெட்டியிழுத்ததில் கிட்டார் மடியிலிருந்து சரிந்து, கைப்பிடியைத் தரையில் ஊன்றி விழுந்தது. கைப்பிடி அடியோடு ஒடிந்தது. அது திருகியிருந்த, பிரிட்ஜின் அடியில் குழிக்குள் தொங்கும் உலோகக் கட்டி விரிசல் விட்டது. முன்விளிம்பில் தகடு நிமிர்த்த முடியாதபடி வளைந்தது. அவள் வந்து கதவைத் திறந்தபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். “பிரிட்ஜ் போச்சு” என்றார். பிறகு, “அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா. கைப்பிடி வெச்சதாப் பார்த்து” என்றார்.

கிட்டார் பழுது பார்க்கும் கடையைத் தேடிப் பிடித்து அவள் தொலைபேசியில் கேட்டாள். எடுத்தவர், பிரிட்ஜை மரத்தோடு பிணைக்கும் ஆறு திருகுகளில் இரு கோடித் திருகுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லச் சொன்னார். பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டரில் ஏமாற்றிவிடும் என்றும் எச்சரித்தார். அவள் உடைந்த தகட்டைத் திருகு கழற்றி எடுத்து மேசைமேல் வைத்து, கண்மணிகளை அளப்பதுபோலவே அளந்தாள். வட்டத்தின் நடுவைக் கண்ணால் குறிக்க முயன்றால் பிசகும். ஆகவே ஒரு கோடித் துளையின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரம்வரை. ஐம்பத்திரண்டரை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்துக்குத்தான் அவள் அந்த அளவை எழுதுவது வழக்கம். தகட்டின் ஒரு மூலையில் பளபளப்பு முழுவதும் போய், சொறிசொறியாய்க் கறுத்திருந்தது. எத்தனையோ கச்சேரிகளில் அவர் உள்ளங்கை வியர்வை அரித்த இடம். அந்த மூலையை அவள் அளக்காமல் துடைத்து, தகட்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கிட்டாரை உறையிலிட்டுத் தோளில் தொங்கவிட்டுப் போனாள். கடை ஒரு குறுகலான மாடியில் இருந்தது. சுவரெங்கும் கழுத்தில்லாத கிட்டார்களும் உடலில்லாத கழுத்துகளும் தொங்கின. பழுது பார்ப்பவர் முன்வழுக்கையும் பின்குடுமியுமாக இருந்தார். வயதில் அவளுக்கு இளையவர். உடைந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கம்பளித் துணியின் மேல் மூன்று பிரிட்ஜ்களை வரிசையாக வைத்தார்.

ஒவ்வொன்றையும் பற்றி அவர் விரிவாகச் சொன்னார். முதலாவது, பழையதன் மறுபதிப்பு. எடை குறைந்த கலப்பு உலோகம். இரண்டாவதும் அதே அமைப்புத்தான், ஆனால் உள்ளே தொங்கும் கட்டி முழு எஃகு. ஒரு தடவை தட்டினால் ஒலி சீக்கிரம் சாகாது. மூன்றாவது கைப்பிடியே இல்லாத நிலைத்தகடு. பின்புறக் குழியை மரத்தால் அடைத்து அதன்மேல் அறைந்துவிட்டால் பிறகு அசைவு என்ற பேச்சே கிடையாது. அவள் எஃகுக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒலி சீக்கிரம் சாகாது என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் கையால் தட்டுகிறவருக்கு ஒவ்வொரு தட்டும் உழைப்பு அல்லவா?

“வாசிக்கிறவர் கைப்பிடியை நிறைய பயன்படுத்துவாராக்கா?” என்று அவர் கேட்டார்.

“அவர் வாசிப்பே அதுதான்” என்றாள் அவள்.

அப்படியானால் இரண்டாவது என்று முடிவாயிற்று. முன்பணம் கொடுத்து, மாடிப்படியின் பாதிவரை இறங்கினாள். அங்கே நின்றாள். கைப்பிடி இல்லாத தகட்டைக் கொண்டுபோனால் வாய் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். கைப்பிடியோடு கொண்டுபோனால் நாளை மாலை மறுபடி சுருதி ஏறும். நாளை மறுநாளும் ஏறும். அவர் அந்தக் கையை ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டே இருப்பார். திரும்ப மேலே ஏறினாள்.

“தம்பி” என்றாள். “அவருக்குக் கை வராது.”

இதுவரை அவள் யாரிடமும், தனியாக இருக்கும்போது தனக்குத்தானேகூட, வாய்விட்டுச் சொல்லியிராத வார்த்தை அது. முன்பின் தெரியாத ஒருவரிடம், கழுத்தில்லாத கிட்டார்களின் நடுவே, அது அவ்வளவு எளிதாக வந்துவிட்டது. பிறகு மீதியையும் சொன்னாள். அவர், அழுதவளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் தெரியாமல், சும்மா இருக்கவும் தெரியாமல், ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

கடைசியில் வழி சொன்னவரும் அவர்தான். எஃகுக் கட்டிக்கும் குழியின் சுவருக்கும் இடையே, முன்னும் பின்னுமாக, இரண்டு மரத்துண்டுகளைக் கச்சிதமாகச் சீவிச் செருகிவிட்டால் பிரிட்ஜ் இப்படியும் அசையாது, அப்படியும் அசையாது. எவ்வளவு கனமான கை விழுந்தாலும் சுருதி நிற்கும். மேலே பார்த்தால் கைப்பிடியும் பிரிட்ஜும் முன்போலவே இருக்கும். பின்புற மூடியைத் திருகிவிட்டால் மரம் வெளியே தெரியாது.

“ஆனா, கைப்பிடியை அழுத்திப் பார்த்தா உடனே தெரிஞ்சிடுமேக்கா.”

“அழுத்த முடிஞ்சா கவலையே இல்லையே, தம்பி.”

துண்டுகளுக்கான இடைவெளியை அவளே தன் அளவுகோலால் அளந்து கொடுத்தாள். அந்த ஓர் அளவை மட்டும் அவள் இரண்டு முறை சரிபார்த்தாள்.

கிட்டார் வீட்டுக்கு வந்த மாலை அவர் கண்கள் அதன் மேலேயே இருந்தன. கைப்பிடியைத் திருகிப் பொருத்தச் சொன்னார், பொருத்தினாள். கிட்டாரின் ஒலிபெருக்கியான ஆம்ப்பைப் போடச் சொன்னார், போட்டாள். “கையை எடுத்து வை” என்றார். அவள் அந்தக் கையைத் தூக்கி பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். இடக்கை விரல் தந்தியைத் தட்டியது. சுரம் ஊசிபோல் நேராக எழுந்து, நெடுநேரம் நின்றது. இம்மியும் ஏறவில்லை.

அவர் இன்னொரு தந்தியைத் தட்டினார். அதுவும் நின்றது. அவர் மகிழ்ந்து கத்துவார் என்று அவள் பயந்திருந்தாள், அவர் கத்தவில்லை. தன் வலக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை லேசாயிடுச்சு போல” என்றார்.

“அப்படித்தான் தெரியுது” என்றாள் அவள். சொல்லிவிட்டு, துணி காய்கிறது என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். இருக்கிறதைக் காப்பாற்றச் சொன்ன மருத்துவரின் குரலும், நாளைக்குக் கைப்பிடியை அழுத்தப் போகிறேன் என்று அவர் சொல்லப்போகும் குரலும் அவள் காதில் மாறி மாறிக் கேட்டன.

ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. தினமும் கைப்பிடியைத் திருகச் சொன்னார், கையை வைக்கச் சொன்னார், தட்டி வாசித்தார். இடக்கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கைப்பிடி இருந்தது. ஒருநாளும் அதைத் தொடவில்லை. கை வந்துவிட்டது என்ற பேச்சையும் அவர் மறுபடி எடுக்கவில்லை. தன் பொய் அவரை ஏமாற்றிவிட்டது என்ற குற்றவுணர்ச்சியில் இருந்தவளுக்கு இது உறைக்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் டிரம்ஸ்காரர் வந்தார். வாசலிலேயே, “மில்லிமீட்டர், வர வர உன் வீட்டுக்காரன் குண்டாயிட்டே போறான், மறுபடி அளந்து பாரு” என்று கத்தினார். அவள் சிரித்துவிட்டுத் தேநீர் போடச் சமையலறைக்குள் போனாள். அறைக்குள் நண்பர்கள் இருவரும் பழைய மேடைகளையும், மின்சாரம் போன கச்சேரி ஒன்றையும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு புது பிரிட்ஜுக்கு வந்தது.

“எஃகா? பளபளன்னு இருக்கே. எங்க, ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கறேன், இரு.”

அவள் குழாயை மூடினாள்.

“தொடாதே” என்றார் கணவர்.

“ஏன்டா, கடிச்சிடுமா?”

“ஸ்பிரிங் புதுசு. கொஞ்ச நாளைக்கு அழுத்த வேண்டாம்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். இவ அதுக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கா தெரியுமா? நீ ஒரே அழுத்துல கெடுத்துடுவே.”

கடைக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கணவர் அந்தக் கடைக்காரரைப் பார்த்ததும் இல்லை. சமையலறையில் தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது.

டிரம்ஸ்காரரை வழியனுப்பிவிட்டு வந்து அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், “என்னங்க, அந்தக் கடையில...” என்றாள்.

“வேண்டாம்” என்றார் அவர். “கையை வெச்ச உடனே தெரிஞ்சுது. அது அசையற பிரிட்ஜ் இல்லைன்னு. டாக்டர் என்ன சொல்லியிருப்பார்னும் தெரிஞ்சுது” என்றார். குரலில் கோபம் இல்லை. “மரத்தைக் கழட்டிடாதே. அப்படியே இருக்கட்டும்.”

பிறகு கிட்டாரைக் கண்ணால் காட்டினார். அவள் அதை மடியில் சாய்த்து, ஆம்ப்பைப் போட்டு, அவர் வலக்கையை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அவர் தம் பழைய மேடைப் பாட்டு ஒன்றை இடக்கையால் மெல்லத் தட்டிக்கொண்டு போனார். கைப்பிடியை அழுத்திச் சுரத்தை இறக்க வேண்டிய இடம் வந்தது. அங்கே விரல்களை எடுத்துவிட்டு, அந்தச் சுரத்துக்கு வேண்டிய நேரம் முழுவதும் சும்மா இருந்தார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

அவள் தன் கையை இன்னும் எடுக்கவில்லை. அது அவர் கையின் மேலேயே இருந்தது. இரண்டு கைகளின் கனத்துக்கும் சுருதி விலகவில்லை.