அப்பா வாங்கிய வேகம்

அம்மாவின் படத்துக்குக் கீழே சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்து, அதன்மேல் அந்த வெள்ளை மோடத்தை வைத்திருந்தார் அப்பா. தினமும் காலையில் படத்தைத் துடைக்கிற துண்டாலேயே மோடத்தையும் துடைப்பார். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பூ வைத்தால், அறுந்து மிஞ்சிய துணுக்கு ஒன்று மோடத்தின் ஆன்டெனாவிலும் தொங்கும். அதில் ஒரு விளக்கு பச்சையாக நின்று எரிந்தால் இணைப்பு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊர் வரிச்சிக்குடியில், அறுபத்தெட்டு வயதான ஒற்றை மனிதர் இருந்த அந்த வீட்டில்தான் தெருவிலேயே அதிக வேகமான இணையம் இருந்தது. அவர் சினிமா பார்ப்பதில்லை, பாட்டு கேட்பதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு என்னோடு வீடியோவில் பேசுவார். அதற்கு மட்டும்தான் அத்தனை வேகமும்.

ஒரு வீட்டுக்கு அவ்வளவு வேகம் தேவையா என்று கேட்டால், பதில் சொல்லத் தகுதியுள்ளவள் நான். பெங்களூரில் நெட்வொர்க் எஞ்சினியராக இருக்கிறேன். இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசுவதற்கு இருப்பதிலேயே சின்னத் திட்டம் தாராளம், மீதியெல்லாம் வீண் செலவு. இதைத் தோழிகளுக்குச் சொல்லியிருக்கிறேன், மேல்வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், காய்கறிக் கடைக்காரருக்குக்கூட ஒருமுறை உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன். அப்பாவுக்கு மட்டும் வெகுநாள் சொல்லவில்லை.

அப்பா நெடுங்காட்டுப் பக்கம் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு ஒரு வருடம் தானே பொங்கித் தின்றார். மழைக்காலத்தில் ஒருநாள் போனில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, நான் அங்கேயே வந்து உங்களோட இருந்துடட்டுமா?" என்றார். அந்த நேரம் பார்த்து என் பக்கம் படம் உண்மையாகவே நின்றுவிட்டது. அன்றைக்கு அவருக்கு வெறும் போன் நெட்தான். மறுபடி இணைப்பு வந்தபோது, "ஒண்ணும் கேக்கலப்பா, உங்க பக்கம் நெட் வீக்கா இருக்கு" என்றேன். கேள்வி தெளிவாகக் கேட்டிருந்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு பேச்சை மாற்றினார். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை வேறு பெயர் சொல்லி மறைக்க விருப்பமில்லை.

அப்பாவை எனக்குப் பிடிக்காது என்றில்லை. என் வீட்டுக்குள் அவர் வேண்டாம், அவ்வளவுதான். விடிவதற்கு முன்பே எழுந்து இருமுவார். லிஃப்டில் வருகிறவர்களிடமெல்லாம் எந்த ஊர் என்று விசாரிப்பார். சனிக்கிழமை என் சிநேகிதிகள் வந்து சிரித்துப் பேசும்போது, தொந்தரவு வேண்டாம் என்று உள் அறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார். அந்த அடக்கம்தான் எனக்குத் தாங்காது. வராதீங்க என்று நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால் கெட்டவளாகிவிடுவேன். நெட்டின் மேல் பழி போட்டால் யாரும் கெட்டவராக வேண்டியதில்லை.

இரண்டே வாரத்தில் அப்பா கேபிள்காரரைப் பிடித்து பைபர் இணைப்பு வாங்கிவிட்டார். படம் பளிங்கு போல வந்தது. மூன்றாவது நாள் அதே கேள்வியோடு மறுபடி தொண்டையைச் செருமினார். இந்த முறை எதுவும் நிற்கவில்லை. அதனால் நான் நின்றேன். வாயைப் பாதி திறந்தபடி, ஒரு சொல்லின் நடுவில், மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன். "கேக்குதாம்மா? ஹலோ?" என்று அவர் திரைக்கு மிக அருகில் வந்தார். பிறகு துண்டை எடுத்துப் போனைத் துடைத்தார். தூசியால் படம் நின்றுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. என் முகத்தை என் அப்பா துடைப்பதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகப் போக அதில் தேர்ந்துவிட்டேன். முடி பறக்காமலிருக்க ஏழு மணிக்கு முன்பே மின்விசிறியை நிறுத்திவிடுவேன். கண்ணைத் திரைக்குச் சற்றுக் கீழே வைத்தால் இமைக்காமல் வெகுநேரம் தாங்கும். என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உன்னை நடிக்க அனுப்பியிருக்கலாம் என்று ஒருநாள் கேலி செய்தார். இருவரும் சிரித்தோம்.

அப்பாவின் கணக்கு வேறு. வாய்க்கால் முடிகிற கடைமடையில் வேலை பார்த்தவருக்கு, வரவேண்டியது வந்து சேரவில்லை என்றால் இரண்டே காரணம்தான். மேலே திறந்துவிட்டது போதவில்லை, அல்லது நடுவில் யாரோ பலகை போட்டு மறித்திருக்கிறார்கள். மகள் விஷயத்தில் அவருக்கு முதல் காரணம்தான் தோன்றியது. "நல்லா தொறந்து வுட்டாத்தாம்மா கடைசி வரைக்கும் போய்ச் சேரும்" என்று சொல்லிச் சொல்லி, ஐம்பது எம்பி வேகத்திலிருந்து நூறுக்கும், நூறிலிருந்து முந்நூறுக்கும் போனார். கடைசியில் கேபிள்காரரிடம் இருந்த மிகப் பெரிய திட்டத்தையே வாங்கினார். அதைப் போட வந்தவர் சோதித்துப் பார்த்து, உங்க பக்கம் எந்தக் குறையும் இல்லீங்க, மக வீட்லதான் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா அதைப் பெருமையாக என்னிடம் சொன்னார். அவருக்கு அதில் சந்தேகம் எதுவும் தட்டவில்லை.

அன்று சாயங்காலம் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார். நான் நின்றுபோனேன். கணவர் அன்றைக்கு வீட்டில் இல்லை என்பதை மறந்திருந்தேன். என் மகள் பின்னால் சோபாவில் ஏறிக் குதித்து, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினாள். எனக்கு அது தெரிந்தது. இருந்தும் நான் அசையவில்லை. அசைந்தால் இத்தனை நாளும் நடித்தேன் என்றாகிவிடும். அப்பா அன்று ஹலோ சொல்லவில்லை, துண்டையும் எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு எப்போதும் போலக் கூப்பிட்டார். சம்பா நடவு, மூட்டுவலி எல்லாம் பேசினார். வைக்கும்போது, "பாப்பாவுக்கு முன்பல்லு வுழுந்துடுச்சா?" என்றார். அந்தப் பல் விழுந்தது முந்தின நாள் காலையில். நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவளுடைய சிரிப்பில் அந்த ஓட்டையை அவர் பார்த்திருக்கிறார், நான் அசையாத படமாக உட்கார்ந்திருந்தபோது. ஆமாம்ப்பா என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு வசதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஆளுக்கு எதுக்குப்பா இவ்வளவு வேகம், குறைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கறையாக அறிவுரைகூடச் சொன்னேன். எஞ்சினியராயிற்றே. "இருக்கட்டும்மா. ஒனக்கு ஏதாவது சொல்லணும்னு தோணுனா வந்து சேரணும்ல" என்றார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் போனது. கணவரை நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரம்மா ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மகள் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, பூட்டிய வீட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. பாசம் பொங்கி வரவில்லை, ஆள் தேவைப்பட்டது. ஏழு மணிக்கு நானே அழைத்து, "அப்பா, நீங்க இங்கயே வந்து எங்களோட இருந்துடுங்க" என்றேன்.

அப்பாவின் படம் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது, கண் திரைக்குச் சற்றுக் கீழே இருந்தது. அத்தனை நாள் என்னைப் பார்த்துப் படித்தவர், பிழையில்லாமல் செய்தார். ஆனால் முதல் தடவை அல்லவா, மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டார். பின்னால் நாள்காட்டித் தாள் படபடத்தது. தோள் துண்டின் நுனி ஆடியது. கண் நிறைந்து வழிந்தபோதும் அவர் இமைக்கவில்லை. கேக்குதாப்பா என்று இரண்டு முறை கேட்டேன். பிறகு, "இங்க நெட் சரியில்ல போல, அப்புறம் பேசறேன்" என்று நானே வைத்தேன்.

மறுநாளே என் வீட்டு இணைப்பை மிகப் பெரிய திட்டத்துக்கு மாற்றினேன். வந்தவர், உங்களுக்கு இவ்வளவு தேவைப்படாது மேடம் என்றார். தெரியும், போடுங்கள் என்றேன்.

இப்போதும் தினமும் பேசுகிறோம். நடவு, மூட்டுவலி, பாப்பாவின் மார்க், எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அந்த ஒன்றைக் கேட்டுப் பார்க்கிறேன். உடனே அப்பா நின்றுபோகிறார். நன்றாகப் பழகிவிட்டார். மின்விசிறியை முன்பே நிறுத்திவிட்டுத்தான் வந்து உட்காருகிறார். துண்டு ஆடுவதில்லை, தாள் பறப்பதில்லை. அவர் தலைக்குப் பின்னால், அம்மாவின் படத்துக்குக் கீழே, அந்தப் பச்சை விளக்கு நின்று எரிகிறது.