மூன்று நாள் கணக்கு

என் கர்ப்பப்பையில் எட்டு சென்டிமீட்டரில் ஒரு நார்க்கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு வருஷம். ஒரே ஒரு முறை தங்கி, இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. பெரம்பலூரில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, கட்டியை மட்டும் துண்டு துண்டாக எடுத்துவிடலாம். பை அப்படியே இருக்கும், பிறகு குழந்தைக்குப் பார்க்கலாம். ஆனால் என் ரத்த அளவு, ஹீமோகுளோபின், ஏழு புள்ளி நான்குதான் இருந்தது. பத்துக்கு மேல் வராமல் கை வைக்க முடியாது என்றார். கட்டியை எடுக்கும்போது ரத்தம் நிறையப் போகுமாம். நிற்காவிட்டால் உயிரைக் காப்பாற்றப் பையையும் எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் குழந்தை வேண்டும். இதைச் சொல்ல நான் என்றுமே வெட்கப்பட்டதில்லை.

மாதவிடாய் எத்தனை நாள் இருக்கும் என்று அடுத்த கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலியிலிருந்த என் மாமியார் பதில் சொல்லிவிட்டார்.

“மூணு நாளுங்க டாக்டரம்மா. இருவத்தெட்டு நாளைக்கு ஒருக்கா டாண்ணு வந்துடும்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், பதினான்கு நாள். சில மாதம் இருபது. ரத்தம் கட்டி கட்டியாகப் போகும். அரியலூரில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் கறுப்பு நாற்காலியைத் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டது அதற்காகத்தான். அங்கே பிறந்த தேதியை மாற்றிச் சொல்லுகிறவர்களை நான் வாங்கு வாங்கென்று வாங்குவேன். தேதி தப்பானால் எல்லாம் தப்பாகும் என்று ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது கத்துகிறவள், டாக்டர் முன்னால் பொம்மை மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

காரணம் எங்கள் வீட்டு வழக்கம். அந்த மூன்று நாளும் நான் அடுப்படிக்குள் போகக் கூடாது, சாமி அறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, கொல்லைப்பக்கம் இருக்கும் சின்ன அறையில் பாய். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். மாமியார் கெட்டவர் இல்லை. தட்டில் சோறு போட்டு அவரே கொண்டுவந்து வைப்பார், மின்விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பார். ஆனால் பதினான்கு நாள் என்று சொன்னால் பதினான்கு நாளும் அந்த அறைதான். முழங்கால் தேய்ந்த மனுஷி பாதி மாதம் தனியாகச் சமைக்க வேண்டும். லாரி ஓட்டும் என் கணவர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தால் பெரிது. எனக்கும் அந்த அறை பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை போதாதென்று மாமியார் களத்தில் இறங்கினார். காலையில் பேரீச்சம்பழம், மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் பீட்ரூட்டை அரைத்து வடிகட்டிய சாறு. அந்தச் சாற்றின் நிறத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். ரத்தம் ஊறுவதற்கு ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், நல்லது என்று யாரோ சொல்ல, கறிக்கடையில் முதல் ஆளாகப் போய் நிற்பார். அப்போது புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முட்டைகூட உள்ளே வராது. அந்த வருஷம் கொல்லையில் மூன்று செங்கலை வைத்து, தனிச் சட்டியில், மிளகு தூக்கலாகப் போட்டுச் சுவரொட்டி வறுத்துக் கொடுத்தார். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். கோபித்தால் தன்னிடம் கோபித்துக்கொள்ளட்டும், நீ சாப்பிடு என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் ஏழு புள்ளி ஒன்று. ஏறவில்லை, இறங்கியிருந்தது.

அன்றைக்கும் நாங்கள் இருவரும்தான் குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸில் போயிருந்தோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று சந்தேகமாகக் கேட்டார். மாமியாருக்கு ரோசம் வந்துவிட்டது. கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பதாகச் சொன்னார். பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, மலப் பரிசோதனையும் ஆயிற்று. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்ப ரத்தம் எங்கதாம்மா போவுது?”

அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரைப்பையில் எங்காவது கசிகிறதா என்று வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார். அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால், துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் யோசனையை விட்டுவிட வேண்டும், ரத்தம் ஏற்றிக்கொண்டு கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவதுதான் ஆபத்துக் குறைவு என்று ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் நினைக்கிறார் என்றார். மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். கையைக் கூப்பி, அது மட்டும் வேண்டாம், வேறு என்ன சொன்னாலும் செய்கிறோம் என்று கெஞ்சினார். எனக்காக அவர் இன்னொருவரிடம் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு என்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

“மூணு நாள் இல்லைங்க டாக்டர்,” என்றேன். “பதினாலு நாள் போவும். சில மாசம் இருவது நாள். ரெண்டு வருஷமா.”

டாக்டரம்மா மாமியாரைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். சொன்னது சொன்னதாகிவிட்டது, முழுதாகச் சொல்லிவிடுவோம் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

“திருமழபாடிக்கு நேந்துகிட்டுப் போனோமே அத்தே, அன்னிக்கும் இருந்துச்சு.”

குழந்தைக்காக அவர் நேர்ந்துகொண்ட கோயில் அது. கொள்ளிடத்தில் குளித்து, ஈரப்புடவையோடு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருந்தார். இப்போது மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. பழைய பக்கத்தில் ‘மூன்று நாள்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மாதவிடாயையே நிறுத்திவைக்க மாதம் ஒன்றாக மூன்று ஊசி, இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற டிரிப்ஸ். மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் என்று நாள் குறித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெங்காயக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டிலும் பேச்சில்லை. சோறு வரும், மாத்திரை வரும், தண்ணீர் வரும், பேச்சு மட்டும் வராது. ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா பதினாலு நாளும் கொல்லை ரூம்லதான வச்சிருப்பீங்க?”

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

“ஆமா. வச்சிருப்பேன்,” என்றார்.

கோபப்படத்தான் நினைத்தேன், வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். அதன் பிறகு இருவரும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தோம். ஊசி போட்டதில் எனக்கு உடம்பெல்லாம் சூடு பரவும், டிசம்பரிலும் வியர்க்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவேன். அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார். ரத்தம் எட்டு புள்ளி ஒன்பதானது, பிறகு பத்து புள்ளி எட்டு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானமே சேர்ந்துவிட்டோம். ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, மயக்க மருந்து டாக்டரின் நூறு கேள்வி. நகப்பூச்சை அழிக்கச் சொன்னார்கள். மெட்டி ஒன்று கழலாமல் சோப்புப் போட்டு இழுத்தோம். தாலியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து மாமியார் என் கழுத்தில் கட்டினார். சம்மதப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: தேவைப்பட்டால் கர்ப்பப்பையை அகற்றச் சம்மதிக்கிறேன். லாரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த என் கணவர் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரிலேயே ஒரு எழுத்தை விட்டுவிட்டு மறுபடி சேர்த்தேன். பயம்தான், வேறென்ன.

நர்ஸ் போன பிறகு மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப ஏதாச்சும் போவுதா? இருந்தா சொல்லிடு. எனக்காவ மறைக்காத.”

இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வெளியே போய் நர்ஸைக் கூப்பிட்டு, எதற்கும் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லுவது என் காதில் விழுந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை.

மறுநாள் கண் விழித்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் இழுத்துப் பிடித்த மாதிரி வலி. கட்டில் பக்கத்தில் மாமியார் மட்டும் இருந்தார். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் குரல் வரவில்லை. அவர் குனிந்தார்.

“இருக்கு,” என்றார். “பை இருக்கு. எடுத்தத டப்பாவுல கொண்டாந்து காட்டுனாங்க. பை இதுல இல்லதானேன்னு மூணு வாட்டி கேட்டுட்டேன். கட்டி மட்டுந்தானாம்.”

“நெசமாவா?”

“ஒன்ன மாதிரி எனக்குப் பொய் சொல்ல வராது.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தையல் இழுக்கும், சும்மா கிட என்று அதட்டிக்கொண்டே அவரும் அழுதார்.