ஆறும் பத்தும்

அமெரிக்கக் கூடைப்பந்தில் இந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குத் தகும் என்று பேரன்கள் இருவரும் கூடத்தில் சண்டை போடுகிறார்கள். "பாயிண்ட்டை எண்ணிப் பாருடா!" என்று பெரியவன் கத்தியதும் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

பதினோரு வயதில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரின் உப்பளம் மைதானத்தில் ஒரு போட்டிக்கு நான் புள்ளி எழுதினேன். கூடை விழுந்ததும், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த நடுவர், போட்டவனின் சட்டை எண்ணைப் பிரெஞ்சில் கூவுவார். ஆறு 'சீஸ்', பத்து 'தீஸ்'. அதில் ஆடிய என் அண்ணனின் எண் ஆறு; பத்து அவன் அணிக்காரன். இரைச்சலில் அவனுடைய மூன்று கூடைகளைப் பத்தின் கணக்கில் எழுதிவிட்டேன். அதிகப் புள்ளி எடுத்தவனுக்கான சிறந்த ஆட்டக்காரர் கோப்பைக்கு நடுவர் நிதானமாக "தீஸ்" என்று அழைத்தபோதுதான் என் காதுக்கு வித்தியாசம் உறைத்தது. புள்ளி நோட்டை மூடிவிட்டேன்.

"கப்பு ஒன்னுதுடா! ஒந்தம்பி தப்பா எழுதிட்டான்," என்று கூட்டாளிகள் கொதித்தார்கள்.

"எந்தம்பி எண்ணுனா தப்பாது. போங்கடா," என்று அண்ணன் என் தோளில் கைபோட்டுக்கொண்டான்.

அதன்பின் ஐம்பத்தெட்டு வருடம் ஒரே ஊரில் இருந்தோம். நான் சொல்லவில்லை. அவன் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது.

"தாத்தா, நீங்களே எண்ணிச் சொல்லுங்க," என்று சின்னவன் பேனாவை நீட்டுகிறான்.