கன்னியம்மாவுக்கு விட்ட பேங்க் கிடா

கன்னியம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுகிற அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம். போன புரட்டாசியில் நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்த மறுநாளே அவள் பதில் சொல்லிவிட்டாள். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் பெயர் வள்ளி. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்கரை ஓரமாக எங்கள் இருளர் குடியிருப்பு இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கும்பிட எனக்கு வராது. அடுப்பில் ஒரு கண், பிள்ளைகள் மேல் ஒரு கண், வாயில் சாமி பேர். அப்படித்தான் என் பக்தி.

எங்கள் ஜனம் பட்ட கஷ்டம் உங்களில் பலருக்குத் தெரியும். மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்குவோம். குடும்பத்தோடு மரம் வெட்டப் போவோம். வெட்ட வெட்ட அட்வான்ஸ் தீராது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும். நானே கரி மூட்டம் போடுகிற இடத்தில் வளர்ந்தவள்தான். என் பிள்ளைகள் அந்தப் புகையில் வளரக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பழங்குடி மக்களுக்கு ஆடு வளர்க்கக் கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஒரு பங்கு அரசாங்க மானியம், மீதி பேங்க் கடன். எங்கள் பெண்கள் குழு மொத்தமும் கேட்டது. அலைந்தோம். ஜாதிச் சான்றிதழுக்கு அலைந்தோம், போட்டோவுக்கு அலைந்தோம், சார் லீவு, மேடம் மீட்டிங் என்று திரும்பி வந்தோம். ஒருநாள் பேங்கிலேயே ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். "உங்க ஆளுங்களுக்கு ஆடு குடுத்தா ரெண்டே மாசத்துல வித்துத் தின்னுடுவீங்கம்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வேப்ப மரத்தடிக்குப் போனேன். அங்கேதான் ஏழு கல் நட்டு எங்கள் கன்னியம்மாவைக் கும்பிடுகிறோம். நின்றபடியே சொன்னேன். "அம்மா, இந்தக் கடன் வந்துச்சின்னா, வர்ற ஆட்டுல மொத கிடா உனக்கு."

இங்கேதான் நான் செய்த வேலை இருக்கிறது. நம் ஜனத்தைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆடி மாதம் கடன் வந்தது. குழுவில் முதலில் நான்கு பேருக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பத்துப் பெட்டை ஆடு, ஒரு கிடா. கிடா கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு. கால்நடை டாக்டரம்மா வந்து ஒவ்வொரு ஆட்டின் காதிலும் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையைக் குத்தினார். இன்சூரன்சுக்கும் பேங்குக்கும் அதுதான் அடையாளம், பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். என் மனசெல்லாம் வேண்டுதல் மேலேயே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையே கிடாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டு ஏழு கல் முன்னால் நிறுத்தினேன். சாமிக்கு விடுகிற ஆட்டுக்குக் காது நுனியைக் கொஞ்சம் கீறி விடுவது எங்கள் வழக்கம். அதைப் பார்த்தால் யாரும் கட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலை கிடாவின் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, சாமி உடம்புல பேங்க் நம்பர் இருக்கலாமா?"

"அதானே! கன்னியம்மாவுக்கு நம்பர் இன்னாத்துக்கு?"

காது நுனியைக் கீறிவிட்டு, கத்தரியை எடுத்து வில்லையையும் அறுத்துவிட்டேன். தூக்கி எறிய மனசு வரவில்லை. மஞ்சள் கயிற்றில் கோத்து, வளையலும் தொட்டில் துணியும் கட்டியிருக்கிற அந்த வேப்பங்கிளையிலேயே கட்டினேன். கிடா துள்ளிக்கொண்டு ஓடியது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாமி ஆட்டை யாரும் தேடுவதில்லை. அது இஷ்டத்துக்குத் திரியும், வரும், போகும். எங்கள் ஆடு வரப்பில் வாய் வைத்தால் கழியோடு ஓடி வருகிற விவசாயி வீட்டுக்காரர்கள்கூட இந்தக் கிடாவுக்குக் கஞ்சித் தண்ணி வைத்தார்கள். ஆவணி கடைசியில் அது கண்ணில் படுவது நின்றுபோனது. நானும் கவலைப்படவில்லை.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா போன் செய்தார்.

"வள்ளி, வெள்ளிக்கிழமை பேங்க்ல இருந்து பார்க்க வராங்க. நாலு பேர் ஆடும் சரியா இருந்தாதான் மத்தவங்களுக்குக் குடுப்பாங்களாம். வேற ஏதோ ஊர்ல கடன் ஆட்டை வித்துட்டாங்களாம், அதனால ரொம்ப கெடுபிடியா இருக்காங்க. ஒண்ணுகூடக் குறையக் கூடாது. மேய விடாம பட்டியிலேயே வைங்க."

அஞ்சலை அடுத்த பட்டியலில் இருந்தாள். புருஷன் இல்லாதவள். ஆடு வரும் என்று பட்டிக்கு மூங்கில்கூடக் கட்டி முடித்துவிட்டாள். என் ஒரு கிடாவால் அவளுக்கும் மற்றவர்களுக்கும் கடன் நின்றுவிடும். வித்துத் தின்பார்கள் என்று சொன்னவர் வாய் பலித்துவிடும். இது எல்லாம் ஒன்றாக வந்து என் தலையில் உட்கார்ந்தது.

தேடினேன். ஏரிக்கரை முழுக்க நடந்தேன். மானாம்பதி வயல்களில் களை எடுக்கிற பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி போன வாரம் பார்த்தேன் என்றாள். இன்னொருத்தி அது வேறு ஆடு என்றாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரை போய், கறிக்கடை வாசலில் தொங்குகிற தோலைக்கூடப் பயந்து பயந்து பார்த்தேன். கறுப்பாக எது அசைந்தாலும் ஓடினேன். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

வீட்டுக்கு வந்தால் பட்டியில் அடைத்த ஆடுகள் ஓயாமல் கத்தின. வால் ஆட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஒரே கத்தல். தழை போட்டாலும் தின்னவில்லை. "ஏன் இப்படி உயிர வாங்குறீங்க!" என்று அவற்றோடும் சண்டை போட்டேன்.

இதற்கு நடுவில் மேஸ்திரி மோப்பம் பிடித்து வந்துவிட்டார். டீக்கடையில் என் வீட்டுக்காரர் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா ஏழுமலை, ஆடு மேச்சி மாடி கட்டிட்டியா? அட்வான்ஸ் ரெடியா கீது. குடும்பத்தோட வந்து ஏறிக்கினா போதும்."

இவர் வந்து என்னிடம் இழுத்தார். "எதுக்கும் கொஞ்சம் வாங்கி வெச்சிக்கலாமா மே? பேங்க்காரன் ஆட்டையெல்லாம் ஓட்டிக்கினு போயிட்டான்னா இன்னா பண்றது?"

"வாங்கிப் பாரு. புள்ளைங்கள இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ மட்டும் போய் வெட்டு மரத்த."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேப்ப மரத்தடிக்குப் போனேன். விளக்கு ஏற்றவில்லை. கை கூப்பவில்லை. "நான் சொன்ன வாக்கக் காப்பாத்துனேன் இல்ல? நீ இன்னா பண்ணே? உனக்குக் குடுத்ததால என் ஜனம் திருட்டுப் பட்டம் வாங்கணுமா? கண்ணு கீதா உனக்கு? கல்லுன்னு சொல்றாங்களே, கல்லுதானா நீ?" கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. "அம்மா, எனக்கு வேற யாரு கீறாங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் ஜெபம். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் வந்தது. டாக்டரம்மாவும், புதிதாக ஒரு பேங்க் சாரும் இறங்கினார்கள். மற்ற மூன்று பேர் ஆடுகளும் சரியாக இருந்தன. கடைசியாக என் பட்டி. சாருக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தேன்.

"கிடா எங்கம்மா?"

பொய் சொல்லலாம் என்று ஏழுமலை காலையிலேயே சொல்லியிருந்தார். செத்துவிட்டது என்று சொல் என்றார். எனக்கு வாய் வரவில்லை. சாமிக்கு விட்டதைச் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

"சாமிக்கு விட்டுட்டேன் சார்."

அவர் சிரித்தார். "எந்த சாமிம்மா? பிரியாணி சாமியா?"

கூடியிருந்த எங்கள் ஜனம் தலை குனிந்தது. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. "சார், வித்துத் தின்னுட்டவ உங்களுக்குச் சேர் போட்டு டீ குடுத்து நிக்க மாட்டா. இந்நேரம் ஓடிப் போயிருப்பா" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு நாற்றம் வந்தது. ஆடு வளர்க்கிறவர்களுக்கு அது தெரியும். கொழுத்த கிடாவின் நாற்றம். பட்டியில் இருந்த பெட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

ஏரிக்கரை மேலிருந்து சேற்றோடு வந்தது பாருங்கள், என் கறுப்புக் கிடா! கழுத்தில் கடித்து அறுத்த கயிறு தொங்கியது. எவரோ கட்டிப் போட்டிருக்கிறார்கள். உதட்டைத் தூக்கிக்கொண்டு, யாரையும் மதிக்காமல், பேங்க் சாரின் நாற்காலியை இடித்துக்கொண்டு பட்டிப் படலைத் தாண்டிக் குதித்தது. சாரின் பேன்டில் டீ முழுக்கக் கொட்டியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் பேன்டைத் துடைத்துக்கொண்டே, "இது அதே கிடான்னு எப்படி நம்பறது? காதுல டேக் இல்லையே" என்றார். நான் எழுந்து ஓடினேன். வேப்பங்கிளையிலிருந்து மஞ்சள் கயிற்றோடு வில்லையை அவிழ்த்து வந்து அவர் கையில் வைத்தேன். நம்பர் சரியாக இருந்தது. அவர் போனில் இருந்த போட்டோவில் நெற்றியில் வெள்ளைப் பொட்டும் இருந்தது. அவர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"கடன் முடியற வரைக்கும் இது பேங்க் ஆடும்மா. சாமிக்குக் குடுக்கறதா இருந்தா உங்க ஆட்டைக் குடுங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. போகும்போது டாக்டரம்மாவிடம், "மத்தவங்களுக்கும் அனுப்பிடலாம்" என்று சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அஞ்சலை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா கிடாவின் மறு காதில் புது வில்லை குத்திக்கொண்டே சிரித்தார். "வள்ளி, உன் ஆடுங்க பருவத்துக்கு வந்திருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா அடைச்சி வெச்சே இல்ல, அதான் அந்தக் கத்து கத்துது. காத்துல வாசனை போனா கிடா எங்க இருந்தாலும் கயித்த அறுத்துக்கினு வந்துடும். இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல."

சரிதான் டாக்டரம்மா. ஆனால் பத்து ஆட்டுக்கும் அதே வாரத்தில் பருவம் கொடுத்தது யார்? வியாழக்கிழமை வரை வராத வாசனையை வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கிடாவின் மூக்குக்குக் கொண்டுபோனது யார்? கத்தாதே என்று ஆடுகளை நான் மூன்று நாளாகத் திட்டினேனே, அந்தக் கத்தல்தான் அம்மாவின் பதில். என் காதுக்கு அது எட்டவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றி மன்னிப்புக் கேட்டேன். "அம்மா, அவசரத்துல அடுத்தவன் ஆட்ட உனக்கு எழுதி வெச்சிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கோ. பொறக்கற மொத கிடாக்குட்டி உனக்கு" என்றேன். அவள் பொறுத்துக்கொண்டாள்.

அஞ்சலைக்கும் மற்றவர்களுக்கும் ஐப்பசியில் ஆடு வந்தது. மேஸ்திரி இன்னொரு முறை வந்தபோது ஏழுமலையே சொன்னார், "ஆட்டுக்குத் தழை வெட்டணும், நேரம் இல்ல" என்று. எனக்கு அவரைப் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மாசி பிறந்ததும் முதல் குட்டி விழுந்தது. கிடாக்குட்டி. கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மாசி மகத்துக்கு நம் ஜனமெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறோமே, நான் கிளம்புவதற்கு முன்னால் அதை வேப்ப மரத்தடிக்குத் தூக்கிப் போனேன். மஞ்சள் பூசினேன். காதைப் பிடித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

நான் பிறந்தபோது எங்கப்பா மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். என் பிள்ளைகள் பிறந்தபோது நாங்கள் வாங்கியிருந்தோம். இந்தக் குட்டியின் காதில் வில்லை இல்லை, யார் நம்பரும் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் பாக்கி இல்லாமல் பிறந்த முதல் உயிர் இதுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் காதை மெல்லக் கீறி, அம்மாவிடம் விட்டேன்.

நம்பிக் கேளுங்கள். கோபம் வந்தால் சண்டை போட்டுக் கேளுங்கள், அவள் பெற்றவள், தாங்கிக்கொள்வாள். அரசாங்கம் தருகிற கடனுக்கு நம்மைப் போன்றவர்கள் கூச்சப்படாமல் போய் நில்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பேங்க் ஆட்டை நேர்ந்துகொள்ளாதீர்கள், அது போடுகிற குட்டியை நேர்ந்துகொள்ளுங்கள். அடுத்த மாசி மகத்துக்குக் கடற்கரைக்கு வாருங்கள். அஞ்சலையும் நானும் அங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருப்போம்.