என் சுவரில் நானே போட்ட ஓட்டை

பச்சைக் கொட்டமுத்துக்காய் காதுமடலில் வந்து விழுந்தால் உடனே வலிக்காது. சுருக்கென்று ஒரு சூடு ஏறும், கொஞ்சம் பொறுத்துத்தான் முள் முள்ளாகக் குத்த ஆரம்பிக்கும். ஆமணக்கைத்தான் எங்கள் பக்கம் "கொட்டமுத்து" என்போம். எண்பதுகளின் நடுவில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் காட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து அந்தக் காயால் அடித்துக்கொள்வோம். மறைந்துகொள்ள இரண்டு "தட்டுப்போர்" இருந்தன. மாட்டுக்காக அறுத்து, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிவைத்த சோளத்தட்டு. தலையை நீட்டி எறிய வேண்டும், எறிந்ததும் இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

அதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் காய் பொறுக்குவது. ஒரு நாள் பொறுக்கிப் பொறுக்கிச் சலித்துப்போய், எங்கள் போருக்குப் பின்னால் குந்தியிருந்த நான் சும்மா இரண்டு பிடி தட்டை உருவினேன். கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதற்கு நேராக எதிர்க்கட்சித் தலைவன் செல்வராசு அண்ணனின் மூக்கு தெரிந்தது. பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், எங்கள் ஆட்டங்களுக்கெல்லாம் நாட்டாமை. விட்டேன் ஒரு காய்.

"கள்ளாட்டம்! தலைய நீட்டாம எறிஞ்சா செல்லாது!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே அவன் சட்டம் போட்டான். அப்பாவும் அவன் பக்கம்தான் பேசினார், ஆனால் காரணம் வேறு. "போர்ல ஓட்ட போட்டா மழத்தண்ணி உள்ள எறங்கும். எறங்குன தட்ட மாடு திங்காது. அப்பறம் நீதான் சாமி திங்கோணும்" என்றார். மறுபடியும் பொறுக்கும் வேலைக்கே போனேன்.

அந்த வருட வைகாசித் தேர்த் திருவிழாவுக்குச் சித்தப்பா எங்களைக் கூட்டிப்போனார். ராட்டினத்துக்கும் வளையல் கடைக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. உள்ளேயிருந்து டும், டும், டும், டும் என்று நான்கே அடியில் ஒரு சத்தம், ரிக் லாரி தூரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற மாதிரி. பெங்களூரிலிருந்து லாரியில் ஏற்றிவந்ததாகச் சொன்ன ஒரு மீசைக்காரர், டிவி வைத்த வீடியோ கேம் மரப்பெட்டி ஒன்றைக் காவல் காத்துக்கொண்டு நின்றார். திரையின் மேலே வரிசை வரிசையாகப் பூச்சிகள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கும்; இறங்கிக்கொண்டே குண்டு போடும். அடியில் நம்முடைய பீரங்கி. நடுவில் நான்கு குட்டிச் சுவர்கள். வெளியே கரும்பலகையில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயர். அன்று காலையிலேயே ஆடிவிட்டிருந்த செல்வராசு அண்ணனின் பெயர்தான் உச்சியில்: 1840.

"பொறுக்கறவளுக்கு எதுக்கு டோக்கனு?" என்றான், பக்கத்தில் நின்ற அண்ணன்.

"உனக்கு மேல என்ற பேரு ஏறுச்சுன்னா?"

"ஏறுனா ஓட்டையும் செல்லும், நீயும் எறியலாம். ஏறலீன்னா கண்ணாலங் கட்டிப் போற வரைக்கும் பொறுக்கு."

சித்தப்பா வாங்கித் தந்த டோக்கன் ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் ஆடியவர்களை உற்றுப் பார்த்தேன். எல்லோரும் எங்கள் ஆட்டத்தைத்தான் ஆடினார்கள்: சுவரை விட்டு வெளியே வந்து சுடுவது, உடனே உள்ளே ஓடி ஒளிவது. வெளியே வருகிற அந்த நொடியில்தான் செத்தார்கள். சுவர் மேல் தங்கள் குண்டு பட்டுவிடாமல் எல்லோரும் பொத்திப் பொத்தி ஆடினார்கள். சொந்தச் சுவரை யார்தான் இடிப்பார்கள்?

நான் போய் நின்றதும் ஒரு சுவருக்கு அடியில் பீரங்கியை நிறுத்தி, மேலே பார்த்து அதையே சுட்டேன்.

"ஏம்புள்ள, உன்ற செவுத்த நீயே இடிக்கறயே!" என்றார் ஒரு பெரியவர். "கம்முனு டோக்கனத் திருப்பிக் குடுத்துட்டு ராட்டினம் சுத்தலாமில்ல" என்றார் இன்னொருவர். கொட்டகையே சிரித்தது. செல்வராசு அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். ஏழெட்டுக் குண்டுக்குப் பிறகு சுவரில் நூல் பிடித்த மாதிரி ஒரு சந்து விழுந்தது. என் குண்டு அதன் வழியாக மேலே போனது. பூச்சிகளின் குண்டு இரண்டு பக்கத்துச் சுவரிலும் மோதிச் சிதறியது. நான் நகரவே இல்லை. சந்துக்கு நேராக வருகிற பூச்சியை மட்டும் அடித்தேன். பூச்சிகள் குறையக் குறைய டும் டும் வேகமானது, சிரிப்பு குறைந்தது. கடைசிப் பூச்சி விழுந்ததும் புதிதாகப் பூச்சிகள் வந்தன, புதிதாக நான்கு சுவர்களும் முளைத்தன. மறுபடியும் என் சுவரில் ஓட்டை போட்டேன். இந்த முறை கூட்டம் கிட்டே நெருங்கி வந்து பார்த்தது. மூன்றாவது தடவை போட்டபோது அந்தப் பெரியவரே, "உடாத புள்ள, அக்கட்ட ஒண்ணு வருது பாரு!" என்று கத்தினார்.

கடைசிப் பீரங்கியும் வெடித்தபோது திரையில் என் புள்ளி 2310.

"கள்ளாட்டமுங்க! ஒளிஞ்சுக்கிட்டே சுட்டா செல்லாதுங்க!" என்று செல்வராசு அண்ணன் மீசைக்காரரிடம் முறையிட்டான்.

அவர் பலகையைத் துடைத்துச் சாக்பீஸை எடுத்தார். "பெட்டி ஒத்துக்கிச்சு சாமி. பெட்டியே ஒத்துக்கிட்டா நான் ஆரு? ஏஞ் சாமி, உன்ற பேரென்ன?"

என் பேரைச் சத்தமாகச் சொன்னேன். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்குகிறோமே என்று அவரும் கூச்சப்படவில்லை, நானும் படவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் எங்கள் கட்சிக்கு நான்தான் தலைவி. அண்ணன் காய் பொறுக்கினான்.

இன்று என் மகன் ஆடுகிற ஆட்டத்தில் சிப்பாய் சுவரோடு ஒட்டி நிற்கிறான்; பொத்தானை அமுக்கினால் எட்டிப் பார்த்துச் சுடுகிறான், மறுபடியும் ஒட்டிக்கொள்கிறான். "இதுக்குப் பேரு 'கவர்'ம்மா, நீ ஆடுனப்ப இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டான். நான்கு சுவரைப் பற்றிச் சொன்னேன். சுட்டு ஆடும் ஆட்டங்களில் ஒளிந்து நின்று சுடுகிற வித்தைக்கு அவையெல்லாம்தான் தொடக்கம் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொன்னேன். கையில் வாங்கி ஆடியும் பார்த்தேன். அந்தச் சுவரை எத்தனை சுட்டாலும் தூசி மட்டும் பறக்கிறது; ஓட்டை விழவில்லை.

இன்று அந்தக் கொட்டகை இல்லை. கரும்பலகையில் இருந்த என் பெயர் தேர் நிலை சேர்ந்த அன்று பெய்த மழையிலேயே கரைந்துபோனது. தட்டுப்போர் நின்ற இடத்தில் இப்போது செல்வராசு அண்ணனின் ரிக் லாரிகள் இரண்டு நிற்கின்றன. லாரியோடு எந்த மாநிலத்துக்குப் போயிருந்தாலும் அவன் போன் செய்வான். எடுத்ததும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் வருவது இதுதான்: "ஏனுங்க கள்ளாட்டக்காரி, ஊட்டுலதான் இருக்கறீங்களா?"

"பெட்டி ஒத்துக்கிச்சுங்கண்ணா" என்பேன்.